காலம் ஏன் திரும்பி ஓடுவதில்லை? என்ட்ரோபி விளக்கத்தில் விட்டுப்போகும் பாதி

ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீரை நிரப்பி, கை படாமல் கொஞ்ச நேரம் வையுங்கள். தண்ணீர் நன்றாக அடங்கிய பிறகு மேலிருந்து ஒரே ஒரு சொட்டு மை விடுங்கள். உள்ளே போன சொட்டு சின்ன வளையமாக மாறும். இறங்க இறங்க வளையம் அகலும். அங்கங்கே கனத்து, கனத்த இடங்களிலிருந்து நூல் நூலாகத் தொங்கும். சில நூல்களின் நுனியில் இன்னொரு குட்டி வளையம் பிறக்கும். அப்புறம் நூல்கள் புகைபோலக் கலைந்து மங்கத் தொடங்கும். மறுநாள் வந்து பார்த்தால் தம்ளர் முழுக்க ஒரே வெளிர் நீலம்.

அந்த வெளிர் நீலத்தை எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருந்தாலும் அது ஒன்றுதிரண்டு, நூலாகி, வளையமாகி, சொட்டாகி மேலே எழும்பாது. ஏன்?

இதற்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில்: "என்ட்ரோபி எப்போதும் கூடும், அதாவது ஒழுங்கு குலைந்துகொண்டே போகும். அதனால்தான் காலம் முன்னோக்கி மட்டும் ஓடுகிறது." கேட்க நிறைவாக இருக்கும். ஆனால் இதில் பாதிதான் விளக்கம். "ஒழுங்கு" என்ற சொல் பல இடங்களில் வழி தவற வைக்கிறது. "அதனால்தான்" என்ற சொல்லோ, ஒரு பெரிய பள்ளத்தை ஒரே எட்டில் தாண்டிவிடுகிறது. அந்தப் பள்ளத்துக்குள் இறங்கிப் பார்ப்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். கணிதம் வேண்டாம், எண்ணத் தெரிந்தால் போதும்.

## அடிப்படை விதிகளுக்குத் திசை தெரியாது

இரண்டு பந்துகள் வழவழப்பான மேசையில் உருண்டு வந்து மோதி விலகுவதைப் படம் பிடிக்கிறீர்கள். படத்தைப் பின்னோக்கி ஓட்டினாலும் இரண்டு பந்துகள் வந்து மோதி விலகும். எது உண்மையான படம், எது திருப்பி ஓட்டியது என்று பார்ப்பவரால் சொல்ல முடியாது. நியூட்டனின் இயக்க விதிகள் இரண்டு படங்களையும் ஏற்றுக்கொள்ளும். இந்தப் பண்புக்கு கால மீள்தன்மை என்று பெயர்: ஓர் இயக்கம் விதிப்படி சாத்தியம் என்றால், அதைத் திருப்பி ஓட்டினால் வருவதும் விதிப்படி சாத்தியம்.

தண்ணீர் மூலக்கூறுகளும் மை மூலக்கூறுகளும் மோதிக்கொள்வதற்கும் இதே விதிதான். எந்த ஒரு மோதலைத் தனியாக எடுத்துத் திருப்பி ஓட்டினாலும் தவறு கண்டுபிடிக்க முடியாது. ஆனால் மொத்தப் படத்தையும் திருப்பி ஓட்டிப் பாருங்கள், ஒரு குழந்தைகூடச் சிரித்துவிடும். துண்டு ஒவ்வொன்றிலும் இல்லாத திசை, துண்டுகளைச் சேர்த்ததும் எங்கிருந்து வந்து உட்கார்ந்தது?

(1964-இல் கேயான் என்ற துகள்களின் சிதைவில் நடந்த கண்டுபிடிப்பு, இயற்கை விதிகளில் மிக நுண்ணிய அளவுக்குக் காலத் திசை வேறுபாடு இருப்பதைக் காட்டியது உண்மைதான். ஆனால் மை கரைவதற்கும் பனிக்கட்டி உருகுவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதை இங்கேயே விட்டுவிடலாம்.)

## எண்ணிப் பார்த்தால்

நான்கு நாணயங்களைச் சுண்டுகிறோம். ஒவ்வொன்றும் தலையாகவோ பூவாகவோ விழலாம் என்பதால் மொத்தம் 16 விதங்கள். நான்கும் தலையாக விழ ஒரே ஒரு விதம்தான். இரண்டு தலை, இரண்டு பூ விழ 6 விதங்கள்.

இங்கே இரண்டு சொற்கள் தேவை. எந்த நாணயம் எப்படி விழுந்தது என்ற முழு விவரம் நுண்ணிலை. "இரண்டு தலை, இரண்டு பூ" என்று மேலோட்டமாகச் சொல்வது பெருநிலை. ஒரு பெருநிலைக்குள் பல நுண்ணிலைகள் அடங்கும்.

இனி நாணயங்களை 100 ஆக்குங்கள். எல்லாம் தலையாக விழ இன்னமும் ஒரே ஒரு விதம்தான். சரிபாதி தலையாக விழ எத்தனை விதங்கள் தெரியுமா? ஏறக்குறைய 10²⁹, அதாவது 1-க்குப் பின்னால் 29 சுழியங்கள். 100 நாணயங்களையும் தலை மேலாக அடுக்கி வைத்து, பெட்டியை மூடிக் குலுக்கினால் பாதிக்குப் பாதியை நோக்கித்தான் போகும். நாணயங்களுக்கு எந்த ஆசையும் இல்லை, அவற்றை எந்த விசையும் இழுக்கவும் இல்லை. போகக்கூடிய இடங்களில் கிட்டத்தட்ட எல்லாமே அந்தப் பக்கம் இருக்கின்றன, அவ்வளவுதான்.

நூறிலேயே இப்படி என்றால் மூலக்கூறுகளில் எப்படி இருக்கும்? அறை வெப்பத்தில் ஒரு லிட்டர் காற்றில் சுமார் 2.5×10²² மூலக்கூறுகள் இருக்கும். அவை எல்லாம் தற்செயலாகப் பாத்திரத்தின் ஒரு பாதியில் ஒதுங்க நிகழ்தகவு என்ன? ஒன்றின் கீழ் ஒரு பெரிய எண். அந்த எண்ணில் உள்ள இலக்கங்களின் எண்ணிக்கையே 7×10²¹-ஐத் தாண்டும். பெருவெடிப்பிலிருந்து இன்றுவரையான 1,380 கோடி ஆண்டுகளும் நொடிக்கு ஓர் இலக்கம் என்று எழுதியிருந்தாலும் அதில் பத்தாயிரத்தில் ஒரு பங்கை எழுதி முடித்திருக்க முடியாது. இயற்பியலில் "நடக்காது" என்று நாம் சொல்லும் பல விஷயங்கள் இந்த அர்த்தத்தில்தான் நடக்காதவை. விதி தடுக்கவில்லை, எண்ணிக்கை இடம் கொடுக்கவில்லை.

இப்போது என்ட்ரோபி என்ற சொல்லை வரையறுத்துவிடலாம்: ஒரு பெருநிலைக்குள் எத்தனை நுண்ணிலைகள் அடங்குகின்றன என்பதன் அளவு. விதங்கள் மிகுந்தால் என்ட்ரோபி மிகுதி. இந்தப் பெயரை 1865-இல் சூட்டியவர் ஜெர்மானிய இயற்பியலாளர் ருடால்ஃப் கிளாசியஸ். வெப்பம் குளிர்ந்த பொருளிலிருந்து சூடான பொருளுக்குத் தானாகப் பாயாது என்று 1850-இலேயே சொன்னவர் அவர். அவருக்கு என்ட்ரோபி என்பது வெப்பத்தையும் வெப்பநிலையையும் வைத்துக் கணக்கிடும் ஓர் அளவு. மூலக்கூறுகளை எண்ணுவதோடு அதை இணைத்தவர் வியன்னாவின் லுட்விக் போல்ட்ஸ்மான், 1877-இல். அந்த இணைப்பைச் சொல்லும் சமன்பாடு வியன்னாவில் அவருடைய கல்லறையில் பொறிக்கப்பட்டிருக்கிறது.

தனித்து விடப்பட்ட ஓர் அமைப்பின் என்ட்ரோபி குறையாது என்பது வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி. போல்ட்ஸ்மானுக்குப் பிறகு இதை இப்படிப் படிக்கலாம்: அமைப்பு, குறைந்த விதங்கள் உள்ள பெருநிலையிலிருந்து மிகுந்த விதங்கள் உள்ள பெருநிலைக்குப் போவதற்கான வாய்ப்பு மிக மிக மிக அதிகம்.

இதுவரை பார்த்தது: மூலக்கூறுகளின் விதிகளில் திசை இல்லை. ஆனாலும் மை பரவுகிறது, ஏனென்றால் பரவிய நிலைக்கு உரிய விதங்கள் எண்ணிலடங்காதவை.

## "ஒழுங்கின்மை" என்ற சொல்லால் வந்த வினை

என்ட்ரோபி என்றால் ஒழுங்கின்மை என்று சொல்லிப் பழகிவிட்டோம். கலைந்து கிடக்கும் அறையைக் காட்டி "இதோ என்ட்ரோபி" என்பார்கள். நான் இந்த உவமையை விட்டுவிடச் சொல்வேன். ஒழுங்கு என்பது பார்ப்பவர் கண்ணைப் பொறுத்தது, என்ட்ரோபி எண்ணிக்கையைப் பொறுத்தது. சில சமயம் இரண்டும் எதிர்த்திசையில் போகும்.

எண்ணெயையும் தண்ணீரையும் சேர்த்துக் குலுக்கி வைத்தால் சிறிது நேரத்தில் இரண்டும் அழகாகப் பிரிந்து நிற்கும். கண்ணுக்கு ஒழுங்கு கூடியிருக்கிறது. ஆனால் என்ட்ரோபியும் கூடித்தான் இருக்கிறது. எண்ணெய்த் துளிகளைச் சூழ்ந்திருந்த தண்ணீர் மூலக்கூறுகளால் நினைத்தபடி திரும்ப முடியவில்லை. எண்ணெய் ஒதுங்கியதும் அவற்றுக்கு விடுதலை கிடைக்கிறது. அந்த விடுதலையில் கிடைக்கும் விதங்கள் மிகுதி.

இன்னும் வியப்பான ஒன்று 1957-இல் கணினிக் கணக்கீட்டில் தெரியவந்தது. ஆல்டர், வெய்ன்ரைட் என்ற இருவர், ஒன்றையொன்று ஈர்க்காத, மோதினால் துள்ளிவிலகும் கெட்டியான உருண்டைகளை எடுத்துக்கொண்டார்கள். இடத்தைப் போதுமான அளவு நெருக்கினால் அந்த உருண்டைகள் தாமாகவே வரிசை வரிசையாகப் படிகம்போல அமைந்துவிடுகின்றன. நெரிசலில் தாறுமாறாக நின்றால் ஒவ்வொன்றும் மற்றொன்றில் இடித்துக்கொண்டு அசைய முடியாமல் திணறும். வரிசையில் நின்றால் ஒவ்வொன்றுக்கும் அசைய கொஞ்சம் இடம் கிடைக்கும். அசைய இடம் என்றால் விதங்கள் கூடுதல். ஆக, என்ட்ரோபி கூடியதால்தான் அங்கே ஒழுங்கு வந்தது!

உயிர்கள் இரண்டாம் விதியை மீறுகின்றன என்ற பேச்சும் இந்தக் குழப்பத்தில் பிறந்ததுதான். விதி பேசுவது தனித்து விடப்பட்ட அமைப்பைப் பற்றி. பூமி அப்படித் தனித்து நிற்கவில்லை. சூரியனிடமிருந்து பெறும் ஆற்றலை ஏறக்குறைய அதே அளவுக்குப் பூமி விண்வெளிக்குத் திருப்பி அனுப்பிவிடுகிறது. ஆனால் வந்த ஒவ்வொரு ஒளித்துகளுக்கும் பதிலாகச் சுமார் 20 அகச்சிவப்பு ஒளித்துகள்களாகப் பிரித்து அனுப்புகிறது. வந்தது குறைந்த என்ட்ரோபி, போவது மிகுந்த என்ட்ரோபி. சூரியன் நமக்குத் தரும் கொடை ஆற்றல் மட்டும் என்று நினைக்கிறோம். குறைந்த என்ட்ரோபியும் அந்தக் கொடையில் அடக்கம். இலை துளிர்ப்பதும் நம் உடல் வளர்வதும் அந்த இடைவெளிக்குள் நடக்கின்றன.

## லோஷ்மிட் கேட்ட கேள்வி

பெரும்பாலான விளக்கங்கள் எண்ணிக்கைக் கதையோடு நின்றுவிடுகின்றன. உண்மையான சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

போல்ட்ஸ்மானோடு வியன்னாவில் பணியாற்றிய யோசெஃப் லோஷ்மிட் 1876-இல் ஒரு மறுப்பை எழுப்பினார். மூலக்கூறு விதிகள் முன்னும் பின்னும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றை மட்டும் வைத்து, என்ட்ரோபி முன்னோக்கி மட்டும் கூடும் என்று எப்படி நிரூபிக்க முடியும்? மை பரவிய அந்தக் கணத்தில் ஒவ்வொரு மூலக்கூறின் வேகத்தையும் அப்படியே எதிர்த்திசைக்குத் திருப்பிவிட்டால், மை மறுபடி சொட்டாகத் திரளும். அதுவும் விதிப்படி சாத்தியமான இயக்கம்தானே?

"அதற்கு நிகழ்தகவு மிகக் குறைவு" என்பது பதில். சரி. ஆனால் இந்தக் கேள்வியின் முழு வலி வேறொரு இடத்தில் இருக்கிறது. ஒரு சின்ன உதாரணத்தோடு மெதுவாகப் போவோம்.

வெப்பம் உள்ளே வராத, வெளியே போகாத ஒரு மூடிய பாத்திரம். நண்பகல் 12 மணிக்குத் திறந்து பார்க்கிறீர்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் பாதி உருகிய பனிக்கட்டி மிதக்கிறது. உடனே மூடிவிடுகிறீர்கள். ஒரு மணிக்கு எப்படி இருக்கும்? இன்னும் உருகியிருக்கும். ஏன்? இந்தப் பெருநிலைக்குப் பொருந்தும் நுண்ணிலைகளில் கிட்டத்தட்ட எல்லாமே உருகுதலை நோக்கித்தான் போகின்றன.

இப்போது கேள்வியைத் திருப்புங்கள். 11 மணிக்கு எப்படி இருந்திருக்கும்? பெரிய கட்டியாக இருந்திருக்கும் என்று யோசிக்காமலே சொல்லிவிடுவோம். ஆனால் நாம் செய்த எண்ணிக்கை என்ன சொல்கிறது? விதிகளுக்கு முன் பின் தெரியாது. 12 மணி நிலைக்குப் பொருந்தும் நுண்ணிலைகளை எடுத்துக்கொண்டு பின்னோக்கிக் கணக்கிட்டாலும், கிட்டத்தட்ட எல்லாமே மிகுந்த என்ட்ரோபி உள்ள நிலைக்குத்தான் கொண்டுபோய் விடுகின்றன. அதாவது, 11 மணிக்குப் பனிக்கட்டி இன்னும் சின்னதாக இருந்தது, வெதுவெதுப்பான தண்ணீருக்குள் அது தானாக உறைந்து வளர்ந்து வந்தது, 12 மணிக்கு நீங்கள் பார்த்தீர்கள், இனி உருகப்போகிறது!

அபத்தம்தான். ஆனால் கணக்கில் பிழை இல்லை. எண்ணிக்கை வாதம் எதிர்காலத்துக்கு எவ்வளவு பலமோ, கடந்த காலத்துக்கும் அவ்வளவு பலம். அதை எதிர்காலத்துக்கு மட்டும் பயன்படுத்திவிட்டு, கடந்த காலம் வரும்போது சத்தமில்லாமல் கீழே வைத்துவிடுகிறோம். காலத்தின் திசையை விளக்கப் புறப்பட்டவர், புறப்படும்போதே திசையைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்புகிறார்.

சுருக்கமாக: "விதங்கள் மிகுந்த நிலைக்குப் போகும்" என்ற வாதம், நாளை என்ட்ரோபி ஏன் கூடும் என்பதை விளக்குகிறது. நேற்று அது ஏன் குறைவாக இருந்தது என்பதை விளக்கவில்லை. காலத்தின் திசைக்கு இரண்டும் வேண்டும்.

## தொடக்கத்தில் இருக்கிறது திசை

அப்படியானால் பனிக்கட்டி 11 மணிக்குப் பெரிதாக இருந்தது என்று எந்த உரிமையில் சொல்கிறோம்? யாரோ அதை உறைபெட்டியிலிருந்து எடுத்துப் போட்டார்கள் என்பதால். உறைபெட்டி எப்படிக் குளிர்ந்தது? மின்சாரத்தால். மின்சாரம் நிலக்கரியிலிருந்தோ ஓடும் நீரிலிருந்தோ வந்தது. நிலக்கரி பழங்காலத்துத் தாவரம். தாவரம் வெயிலில் வளர்ந்தது. ஓடும் நீரையும் மேகமாக மேலே தூக்கியது வெயில்தான். சூரியன், ஒரு காலத்தில் பரந்து கிடந்த வாயு மேகம் ஈர்ப்பால் சுருங்கியதால் பிறந்தது. ஒவ்வொரு படியிலும் குறைந்த என்ட்ரோபிக்குக் காரணம், அதற்கு முந்தைய இன்னும் குறைந்த என்ட்ரோபி. இந்தச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டே போனால் பெருவெடிப்பின் வாசலில் போய் நிற்போம்.

அங்கே நாம் வைக்கும் கருதுகோள்: பிரபஞ்சம் தொடங்கியபோது அதன் என்ட்ரோபி மிக மிகக் குறைவாக இருந்தது. அமெரிக்கத் தத்துவ அறிஞர் டேவிட் ஆல்பர்ட் இதற்கு இட்ட பெயரைத் தமிழில் கடந்தகாலக் கருதுகோள் எனலாம். இதைச் சேர்த்ததும் 11 மணிக் கணக்கு சரியாகிவிடுகிறது. 12 மணி நிலைக்குப் பொருந்தும் நுண்ணிலைகள் எல்லாவற்றையும் இனி எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அந்தத் தொடக்கத்திலிருந்து வந்திருக்கக்கூடியவற்றை மட்டும் எடுத்தால் போதும். அவற்றின் கடந்த காலத்தில் பெரிய பனிக்கட்டி இருக்கிறது.

இங்கே கவனமுள்ள வாசகர் மடக்கிவிடுவார்: "ஆரம்பகாலப் பிரபஞ்சம் சூடான, எங்கும் ஒரே சீராகப் பரவிய வாயுவாகத்தானே இருந்தது? பரவிய மைக்கு என்ட்ரோபி அதிகம் என்றீர்களே?" நியாயமான கேள்வி. பெருவெடிப்புக்குச் சுமார் 3,80,000 ஆண்டுகளுக்குப் பின் புறப்பட்ட ஒளி, அண்ட நுண்ணலைப் பின்னணிக் கதிர்வீச்சாக இன்றும் நம்மை வந்தடைகிறது. அதன் வெப்பநிலை திசைக்குத் திசை லட்சத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் மாறுகிறது. அவ்வளவு சீர்.

விடை ஈர்ப்பு விசையில் இருக்கிறது. தம்ளரில் ஈர்ப்பு விசை மூலக்கூறுகளை ஒன்றுசேர்ப்பதில்லை. அதனால் பரவியிருப்பதே மிகுந்த என்ட்ரோபி. பிரபஞ்ச அளவில் ஈர்ப்பு எல்லாவற்றையும் ஒன்றையொன்று நோக்கி இழுக்கிறது. அங்கே திரண்டு உருண்டு கிடப்பதுதான் மிகுந்த என்ட்ரோபி, அதன் உச்சம் கருந்துளை. யாக்கோப் பெக்கன்ஸ்டைனும் ஸ்டீஃபன் ஹாக்கிங்கும் 1970-களில் காட்டிய வழியில் கணக்கிட்டால், நம் பால்வீதியின் நடுவில் இருக்கும், சூரியனைப்போல் சுமார் 40 லட்சம் மடங்கு நிறையுள்ள அந்த ஒரே கருந்துளையின் என்ட்ரோபி, காணக்கூடிய பிரபஞ்சம் முழுவதும் நிறைந்திருக்கும் பின்னணிக் கதிர்வீச்சின் என்ட்ரோபியைவிட அதிகம். எல்லாப் பொருளும் கருந்துளைகளாகத் திரண்டிருக்க எவ்வளவோ வாய்ப்பிருந்தும், தொடக்கம் வழவழவென்று சீராக இருந்தது. விண்மீன்களும் கோள்களும் நாமும் அந்தச் சீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழித்துக்கொண்டிருக்கிறோம்.

## காலமே நகர்கிறதா?

"காலத்தின் அம்பு" என்ற சொல்லை 1927-இல் ஆற்றிய உரைகளில் பிரபலமாக்கியவர் ஆர்தர் எடிங்டன். அந்தச் சொல்லே ஒரு குழப்பத்தையும் கொண்டுவந்தது. என்ட்ரோபி கூடுவது காலத்தை உந்தித் தள்ளுவதுபோலப் பலர் பேசுகிறார்கள்.

மேல், கீழ் என்பதை நினைத்துப் பாருங்கள். விண்வெளிக்கென்று சொந்தமாகக் "கீழ்" கிடையாது. பக்கத்தில் பூமி என்ற பெரிய உருண்டை இருப்பதால், அதை நோக்கிய திசையைக் கீழ் என்கிறோம். இந்த ஒப்புமையைப் போல்ட்ஸ்மானே சொல்லியிருக்கிறார். காலத்தின் ஒரு கோடியில் என்ட்ரோபி மிகக் குறைந்த ஒரு நிலை இருக்கிறது. அதை நோக்கிய திசையை நாம் கடந்த காலம் என்கிறோம். காலத்துக்குள் இருக்கும் பொருள்கள் ஒரு பக்கம் சாய்ந்து கிடக்கின்றன என்பதைத்தான் இது காட்டுகிறது. காலம் என்பதே ஓடுகிறதா என்பது தனிக் கேள்வி, அதை என்ட்ரோபியால் தீர்க்க முடியாது.

நினைவும் இந்தச் சாய்வின் விளைவுதான். ஈர மணலில் ஒரு காலடித் தடம் தெரிகிறது. யாரோ நடந்து போயிருக்கிறார்கள் என்று முடிவு செய்கிறோம். இனி யாரோ நடக்கப்போகிறார்கள் என்று முடிவு செய்வதில்லை. தடம் நமக்கு எதையாவது சொல்ல வேண்டுமென்றால், அதற்கு முன் மணல் தடமின்றிச் சமமாகக் கிடந்தது என்று நாம் எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். முந்தைய நிலை எதுவாகவும் இருந்திருக்கலாம் என்றால், மணல் துகள்கள் தற்செயலாகவே அப்படிக் குழிந்தன என்பதற்குத்தான் எண்ணிக்கையின் வாக்கு. புகைப்படம், பாறையில் பதிந்த புதைபடிவம், மூளையில் பதிந்த நேற்றைய முகம் எல்லாம் இதே வகைத் தடங்கள்தாம். நேற்றை நாம் நம்புவதற்குள்ளேயே அந்தப் பழைய கருதுகோள் ஒளிந்திருக்கிறது. தெர்மாமீட்டரில் தொடங்கிய ஒரு பாடம் இந்த இடம்வரை வருவது எனக்கு இன்றும் வியப்பு.

## இன்னும் தீராத சண்டை

தொடக்கம் ஏன் அப்படி இருந்தது? ரோஜர் பென்ரோஸ் ஒரு மதிப்பீடு செய்தார்: குருட்டாம்போக்கில் ஒரு தொடக்கத்தைத் தேர்ந்தெடுத்தால் நம்முடையதுபோல அமைவதற்கான வாய்ப்பின் கீழே வரும் எண்ணை எழுத, 1-க்குப் பின் 10¹²³ சுழியங்கள் போட வேண்டும். இவ்வளவு அரிதான ஒன்று விளக்கமில்லாமல் இருக்கக்கூடாது, இதற்குக் காரணம் தேடியே ஆகவேண்டும் என்பது ஹ்யூ பிரைஸ் போன்ற தத்துவ அறிஞர்களின் நிலை. கிரெய்க் காலண்டர் போன்றவர்கள் மறுக்கிறார்கள். பிரபஞ்சம் ஒன்றே ஒன்று. அதற்கு முன் எதுவும் இல்லையென்றால், "இப்படித் தொடங்க வாய்ப்பு எவ்வளவு" என்று எதை வைத்து அளப்பது? எல்லா விளக்கமும் எங்காவது ஒரு தொடக்கத்தில் நின்றுதானே ஆகவேண்டும்?

எனக்குப் பிரைஸின் பக்கம்தான் மனம் சாய்கிறது. பூமியின் வயதுக்கும் விண்மீன்களின் ஒளிக்கும் விளக்கம் தேடிக் கண்டுபிடித்தவர்கள், எல்லாவற்றையும்விட விசித்திரமான இந்த ஓர் உண்மையின் முன் மட்டும் "அது அப்படித்தான்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போக எனக்கு மனம் வரவில்லை. ஆனால் காலண்டர் கேட்பதற்கும் என்னிடம் முழுப் பதில் இல்லை: எந்தச் சீட்டுக்கட்டிலிருந்து எடுத்த சீட்டு இது?